இருவருக்கான ஆழம்

சவப்பெட்டியின் தலைமாட்டில் போட்டிருந்த முதல் நாற்காலியில் டிம்ப்னா உட்கார்ந்திருந்தாள். அடுத்ததில் மகள் ஓர்லா. அதற்கடுத்ததில் இறந்தவரின் அக்கா அசம்ப்டா, மடியில் ஜெபமாலையோடு. கதவோரம் ஒரு நாற்காலி காலியாகக் கிடந்தது. டிம்ப்னா தனக்கென்று பார்த்து வைத்திருந்தது அதைத்தான். உள்ளே வந்ததும் நேரே அதை நோக்கி நடந்தவளை, ஈமக்கூடத்துக்காரர் முழங்கையைப் பிடித்து மெல்லத் திருப்பிவிட்டார்.

"இப்படி வாங்கம்மா. மனைவிக்கு இதுதான் இடம்."

"நான் வந்து, அவரை..." என்று அவள் தொடங்குவதற்குள் கதவைத் திறந்துவிட்டார்கள். வெளியே மழையில் ஊரே வரிசையில் நின்றது.

பெட்டிக்குள் மாலக்கி நல்ல கோட்டும் டையுமாகப் படுத்திருந்தார். மாட்டுச் சந்தையில், ஏலம் நடக்கும்போதே, படியில் உட்கார்ந்தபடி போய்விட்டார். அடுத்த மாதம் நீதிமன்றத்தில் அவர்களுடைய விவாகரத்து முடிந்திருக்கும்.

மாலக்கி அடித்தவரில்லை, குடித்தவரில்லை, வேறு பெண்ணைப் பார்த்தவருமில்லை. கேட்டதற்குப் பதில் சொல்லாதவர், அவ்வளவுதான். குழம்பில் உப்பு சரியா என்றாலும், ஓர்லாவை டப்ளினுக்குப் படிக்க அனுப்பலாமா என்றாலும், எழுந்துபோய் வானொலியைக் கொஞ்சம் கூட்டி வைப்பார். நாற்பது வருடம் அந்த முதுகோடு பேசிப் பார்த்துவிட்டு, ஓய்வு பெற்ற கையோடு டிம்ப்னா டவுனில் ஒரு சின்ன வீட்டை வாடகைக்குப் பிடித்துக்கொண்டு போனாள். சட்டம் கேட்ட காலம் முழுக்கப் பிரிந்து வாழ்ந்தாள். வக்கீல் அனுப்பிய தாள்களுக்கும் அவரிடமிருந்து பதில் இல்லை. நினைவூட்டல் போயிற்று. அதற்கும் இல்லை. எப்படியோ முட்டி மோதி ஒரு தேதி வாங்கியிருந்தாள்.

நேற்றுக் காலை, மேயோ மாவட்டம் முழுக்கக் கேட்கும் வானொலியில் மரண அறிவிப்பு வாசித்தார்கள். 'அன்பு மனைவி டிம்ப்னா' என்று. எழுதிக் கொடுத்தது அசம்ப்டா.

"உன் துக்கத்துக்கு வருந்துறேன், டிம்ப்னா."

"உங்க துக்கத்துக்கு வருந்துறேன், மிஸஸ் ராட்டிகன்."

ஈரக் கைகள் ஒவ்வொன்றாக வந்து அவள் கையைக் குலுக்கிவிட்டு நகர்ந்தன. பிரிந்து போனபோது கடைத்தெருவில் அவளைக் கண்டு எதிர்ப்பக்கம் மாறி நடந்தவர்கள்கூட வந்தார்கள். ஒருவர்கூட வேறு வார்த்தை சொல்லவில்லை. பக்கத்துப் பண்ணை ஃபெஸ்டி மட்டும், கையைப் பிடித்துக்கொண்டு குனிந்து காதோரம் சொன்னான்:

"கோர்ட்டுக்கு வராம இருக்க எவ்வளவு தூரம் போயிருக்கான் பாத்தியா!"

டிம்ப்னாவுக்குச் சிரிப்பு பீறிட்டது. இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது.

"பாவம், ஒடஞ்சு போயிட்டா" என்றது வரிசையில் ஒரு குரல்.

அசம்ப்டா எழுந்துவந்து அவள் முதுகைத் தடவினாள். "அழு. அழுது தீத்துடு. ஆயிரம் இருந்தாலும் அவன் உன் புருஷன்."

முதுகிலிருந்து கையை எடுக்கச் சொல்லலாம்தான். சொல்ல நிமிர்ந்தால் சிரிக்கிற முகம் தெரியும். டிம்ப்னா அப்படியே குனிந்திருந்தாள்.

மறுநாள் கல்லறைத் தோட்டத்தில் பாதிரியார் முடித்ததும் ஃபெஸ்டி தொப்பியைக் கையில் பிடித்தபடி வந்தான். குழி வெட்டுவது அக்கம்பக்கத்தாரின் வேலை. முழங்கால்வரை சேறு, உள்ளங்கையில் கொப்புளம்.

"பாறை குறுக்கிட்டுது. விடலயே. ரெண்டு பேருக்கு ஆகற மாதிரி ஆழமா வெட்டிட்டோம். நீ எதுக்கும் கவலப்படாத."

"யார் சொன்னது?"

"யார் சொல்லணும்? கல்யாணம் ஆனவனுக்கு அப்படித்தான வெட்டுவோம்."

அவள் எட்டிப் பார்த்தாள். பெட்டி வெகு கீழே இருந்தது. அதற்கு மேலே அவளுக்கான இடம், சுவர்கள் செங்குத்தாகச் சீவப்பட்டு, நல்ல வேலைப்பாட்டோடு இருந்தது. மழையில் பாறையை உடைத்தவனை என்ன சொல்லித் திட்டுவது?

"நன்றி, ஃபெஸ்டி" என்றாள்.

ஓட்டலில் சூப்பும் ஹாம் சாண்ட்விச்சும் வைத்தார்கள். அசம்ப்டா தட்டை நகர்த்திவிட்டு ஆரம்பித்தாள்.

"கல்லறைக் கல்லுக்குச் சொல்லிட்டேன். உன் பேரையும் இப்பவே செதுக்கிடுவாங்க. தேதிக்கு மட்டும் எடம் விட்டா போதும்."

"என் பேர் வேண்டாம்."

"அப்ப நீ எங்க போவ?"

"எங்கயாவது. அங்க இல்ல. நான் அவர விட்டுட்டு வந்தவ, அசம்ப்டா. ஊருக்கே தெரியும்."

"ஜட்ஜு இன்னும் வாயத் தொறக்கலயே. நீ அவன் பொண்டாட்டிதான்."

"அம்மா, இன்னிக்கு வேண்டாமே" என்றாள் ஓர்லா. "சூப் ஆறுது பாரு."

"என்னிக்குமே இன்னிக்கு வேண்டாம்தான். உங்கப்பாகிட்ட கத்துக்கிட்டியா?"

ஓர்லா கரண்டியை வைத்தாள். எழுந்து தேநீர் மேஜைப் பக்கம் போய், இவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வெகுநேரம் கோப்பைகளை அடுக்கினாள்.

திங்கட்கிழமை டிம்ப்னா கல் செதுக்குபவருக்கு ஃபோன் போட்டாள். மரியாதையான மனிதர்.

"வாசகத்த அவரோட அக்கா குடுத்துட்டாங்களேம்மா. மாத்தணும்னா உரிமை உள்ளவங்க எழுத்துல கேக்கணும்."

"உரிமை உள்ளவங்கன்னா?"

"மனைவி இருந்தா மனைவிதான். அவங்க சொன்னா அக்கா சொல்லு நிக்காது. ஆமா, நீங்க யார் பேசறீங்க?"

டிம்ப்னா ஃபோனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள். "எழுதி அனுப்பறேன்" என்று வைத்துவிட்டாள்.

சமையலறை மேஜையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தாள். கல்லில் மாலக்கியின் பெயர் மட்டும் இருக்க வேண்டும், அதன் கீழே வேறு பெயருக்கு இடம் விடவும் கூடாது என்று தெளிவாக எழுதினாள். கீழே 'டிம்ப்னா லாவெல்' என்று கையெழுத்துப் போட்டாள். பிறந்த வீட்டுப் பெயர். பிரிந்து வந்த நாளிலிருந்து அப்படித்தான் போடுகிறாள். போட்டதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இந்தப் பெயரில் போனால் கல் செதுக்குபவர் ஓரமாக வைத்துவிடுவார்.

புதுத் தாள் எடுத்து முழுவதையும் மறுபடி எழுதினாள். 'டிம்ப்னா ராட்டிகன்.' அதன் கீழே, கொஞ்சம் சின்ன எழுத்தில், 'இறந்தவரின் மனைவி.'

மை காய்வதற்குள் மடித்து, உறையில் போட்டு, எச்சில் தொட்டு ஒட்டி, உள்ளங்கையால் அழுத்தினாள். கோட்டை மாட்டிக்கொண்டு தெருமுனைப் பச்சைத் தபால்பெட்டிவரை நடந்தாள். மழை ஈரத்தில் ஊறிய உறை பெட்டியின் வாயில் சிக்கியது. விரலால் தள்ளிவிட்டாள்.

எதிரே வந்த டிராக்டர்காரர், ஊர் வழக்கப்படி வணக்கமாக, ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கினார். அவளும் ஒரு விரலைத் தூக்கினாள்.