தலைவர் வீட்டு ஈ கடையில் உட்காராது

“இது யாரு பெத்த பிள்ளைக வே?”

சர்பத் கடை சண்முகையா கண்ணாடிப் பாட்டிலை மேசைமேல் டொக்கென்று வைத்தார். ரோஸ் சர்பத்துக்குள் ஒரு கைப்பிடித் தேனீ செத்து மிதந்தது. சங்கரன்கோவில் தேனீ வளர்ப்போர் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் மொத்தமும் கழுத்தை நீட்டிப் பார்த்தது.

தலைவர் சத்தியநாதன் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பாட்டிலைப் பார்த்தார். ரிட்டயரான போஸ்ட்மாஸ்டர், ஒரு ஞாயிறும் சர்ச்சுக்குத் தவறாதவர். முத்திரை விழாத எதையும் நம்பாத மனுஷன்.

“நம்ம ஊர் ஈயா இருக்காது சண்முகையா. மலையிலேருந்து வந்த ஈயா இருக்கும்.”

“ஆமா, வாசுதேவநல்லூர்ல பஸ் ஏறி, டிக்கெட் எடுத்து, ரத வீதியில இறங்கி, என் கடைதான்னு விசாரிச்சு வந்திருக்கும்! அண்ணாச்சி, ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டம் இப்பத்தான் சேருது. ஒரு கிளாஸ் சர்பத்துக்கு நாலு ஈ இலவசம்னு சனங்க சிரிக்காங்க. கொட்டு வாங்கின பிள்ளை ஒண்ணு கடைவாசல்ல உருண்டு அழுது.”

“என் வீட்டு ஈ பூவைத் தவிர வேற எதுலயும் உக்காராது. அப்படிக் கட்டுப்பாடா வளர்த்திருக்கேன்.”

“ஞாயித்துக்கிழமை ஜெபத்துக்கும் போகுமோ அண்ணாச்சி?” என்றார் பெருமாள்சாமி. சங்கத்தின் செயலாளர், சைக்கிள் கடைக்காரர். சிரித்தது அவர் ஒருவர்தான். தையல் டீச்சர் ஞானபாய்க்குச் சிரிப்பு வரவில்லை.

காரணம் இருந்தது. அவள் வீடு தெற்கு ரத வீதிக்கு அடுத்த தெரு. கொல்லையில் முருங்கை மரத்தடியில் இரண்டு பெட்டிகள். இரண்டு நாளாக அந்தப் பெட்டி வாசலில் வந்து இறங்கிய ஈக்களின் நடையே சரியில்லை. கல்யாண வீட்டில் மூன்றாம் பந்தியும் சாப்பிட்டு வந்த சம்பந்தி மாதிரி ஆடி ஆடி வந்தன. ஆடிக் காற்றில் ஊரில் ஒரு பூ இல்லை. பிறகு எதைத் தின்று வருகிறதாம்?

“இந்தா, தீர்மானம் போடுதேன்,” என்றார் தலைவர். “எந்தப் பெட்டி ஈ கடையில போய் சங்கத்து மானத்தை வாங்குதோ, அந்தப் பெட்டி ஊருக்குள்ள இருக்கப்படாது. மேலநீலிதநல்லூர்ல பெருமாள்சாமி மச்சான் தோட்டத்துக்குப் போயிரணும். திரும்பி வரப்படாது. பெட்டி இல்லாதவங்களுக்குச் சங்கத்துல நாற்காலி கிடையாது. அது பழைய விதி.”

ஞானபாய் தான் உட்கார்ந்திருந்த நாற்காலியைக் குனிந்து பார்த்தாள்.

மாற்றலாகி இந்த ஊருக்கு வந்த புதிதில், பள்ளிக்கூடம் விட்டால் அவளுக்குப் பேச்சுத் துணை தையல் மிஷின்தான். பெட்டி வந்த பிறகுதான் ஆட்கள் வந்தார்கள். தை மாதம் பஸ் கூரையில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு புளியங்குடி எலுமிச்சைத் தோட்டங்களுக்குப் போவார்கள். கண்டக்டர், “ஏலே, உள்ள என்ன இருக்கு?” என்று கேட்டால் “போஸ்ட்மாஸ்டருடைய கோவம்” என்பார் பெருமாள்சாமி. பங்குனியில் வேம்பு பூக்கும். சித்திரையில் சங்கத்துக்கென்று இருக்கிற ஒரே தேன் பிழியும் டிரம்மைக் கையால் சுற்றித் தேன் எடுக்கையில் யார் வீட்டில் டிரம்மோ அந்த வீட்டில் பந்தி. புரட்டாசியில் மழைக்கு முன்னால் வீடு வீடாகப் போய், உள்ளே இருப்புத் தேன் உண்டா என்று திறந்து பார்ப்பார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈயும் வெளியே போகாது, இவர்களும் போகமாட்டார்கள். கூடி உட்கார்ந்து சுக்குக்காப்பி குடித்துச் சண்டை போடுவார்கள். பெட்டி போனால் இத்தனையும் போய்விடும். மறுபடியும் தையல் மிஷினோடு பேச வேண்டியதுதான்.

“கண்டுபிடிக்கிறது எப்படி?” என்று கேட்டார் சண்முகையா.

வழி சொன்னது பெருமாள்சாமி. கடையில் உட்காரும் ஈயின் மேல் மைதா மாவைத் தூவுவது. வெள்ளை ஈ எந்தப் பெட்டிக்குத் திரும்புகிறதோ அதுதான் குற்றவாளி. ஊருக்குள் பெட்டி வைத்திருப்பவர்கள் மூன்றே பேர். ஆனால் தன் பெட்டியைத் தான் பார்க்கக் கூடாது. அதுவும் சங்கத்து விதிதான். ஒரு சித்திரையில் ஆளாளுக்குத் தன் தேனைத் தானே அளந்து, ஊரில் உள்ள வேப்பமரமெல்லாம் சேர்ந்து பூத்தாலும் வராத கணக்கைச் சொன்னதால் வந்த விதி. ஆகவே டீச்சர் பெட்டியைப் பெருமாள்சாமி, பெருமாள்சாமி பெட்டியைத் தலைவர், தலைவர் பெட்டியை டீச்சர் என்று முடிவாயிற்று.

சாயங்காலம் ஞானபாய் பக்கத்து வீட்டு மதிலருகே போய் நின்றாள்.

“கதீஜாக்கா, என் பிள்ளைகதான் திருடுது.”

மதிலுக்கு அந்தப் பக்கம் கதீஜம்மாள் உலர்ந்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். “ஏட்டி, திருடாத பிள்ளை எந்த வீட்டுல இருக்கு? மாட்டிக்கிடாத பிள்ளைக்குத்தான் நல்ல பிள்ளைன்னு பேரு.”

“நாளைக்கு மாட்டிக்கிடுமே!”

“வயித்துக்கு வீட்டுலயே போடு. நிறைஞ்ச வயிறு எதுக்குக் கடைக்குப் போகுது?”

“பாகு வைக்கேன். அதையும் குடிச்சிட்டு அங்கனயும் போனா?”

கதீஜம்மாள் துணியைக் கீழே வைத்தாள். “பார்க்க வாறது யாரு? சைக்கிள் கடைக்காரர்தானே? அவரை என்கிட்ட விட்டுரு. நீ கொஞ்சம் சீனி மட்டும் குடு. பாகுக்கு எடுத்தது போக மிச்சம் இருக்குமில்லா?”

மறுநாள் காலை. தலைவர் வீட்டுக் கொல்லையில் நாற்காலி போட்டு ஞானபாய் உட்கார்ந்தாள். பெட்டிகள் பச்சைப் பெயின்ட் அடித்து, எண் போட்டு, வரிசையாக நின்றன. ஈக்கள் நல்ல பிள்ளைகளாகப் போய் வந்தன. ஒன்றின் மேலும் வெள்ளை இல்லை. தலைவர் சொன்னது நிஜம்தானோ என்று அவள் பயந்துபோனாள்.

அப்போது ஒன்று வந்து இறங்கியது. நரைத்துப்போன கிழ ஈ மாதிரி இருந்தது. பின்னாலேயே இன்னொன்று. பிறகு கும்பலாக வரத் தொடங்கின. உடம்பை உதறிக்கொண்டு உள்ளே போயின. வாசல் பலகையில் பொடி படிந்தது. மைதா இப்படிச் சாம்பல் நிறமாகவா இருக்கும்? ஞானபாய் விரலால் தொட்டு மூக்கில் வைத்துப் பார்த்தாள்.

திருநீறு!

முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். அப்படியும் சிரிப்பு மூக்கு வழியாக வந்தது.

சாயங்காலக் கூட்டத்துக்கு சண்முகையா கடையைப் பையனிடம் விட்டுவிட்டு ஓடி வந்தார். “மைதா கிடைக்கலை வே. திருவிழாவுல எல்லாம் புரோட்டாக் கடைக்குப் போயிட்டு. சாமி படத்துக்கு முன்னால தட்டுல இருந்ததை அள்ளித் தூவுனேன்.”

தலைவர் அதைச் சரியாகக் காதில் வாங்கவில்லை. முதலில் தன் சாட்சியைச் சொல்லும் அவசரம் அவருக்கு. “பெருமாள்சாமி, சொல்லுறதுக்கு வருத்தமாத்தான் இருக்கு. உம்ம பெட்டிக்கு வெள்ளை வெள்ளையா வந்துச்சு.”

“ஒத்துக்கிடுதேன் அண்ணாச்சி. என் ஈ குடிகார ஈதான். மச்சான் தோட்டத்துல பருத்தி பூக்கப்போகுது, அங்கனயே போய்க் கிடக்கட்டும். எனக்கும் அடிக்கடி போக ஒரு சாக்கு. செயலாளர் நாற்காலிக்குப் பெட்டி தேவையில்லைன்னு அதுக்கும் ஒரு பழைய விதி உண்டுல்லா?”

“டீச்சர் பெட்டி?”

பெருமாள்சாமி தொண்டையைச் செருமினார். சட்டையில் நெய்க் கறை. “சுத்தம் அண்ணாச்சி. ஒரு வெள்ளை ஈ கண்ணுல படலை.”

கண்ணில் எப்படிப் படும்? கதீஜம்மாள் அவருக்கு முருங்கை மரத்துக்கு முதுகைக் காட்டித்தான் நாற்காலி போட்டிருந்தாள். காலையிலிருந்து பணியாரம், சுழியன், தேங்காய்ப்பால் கஞ்சி என்று தட்டு மாறி மாறி வந்துகொண்டிருந்தது.

“இனி நீங்க சொல்லுங்க டீச்சர்,” என்றார் தலைவர், முடிவு தெரிந்தவர் குரலில்.

“அண்ணாச்சி, உங்க பெட்டி வாசல்ல திருநீறு கொட்டிக் கிடக்கு. அள்ளினா ஒரு குடும்பமே பூசிக்கிடலாம்.”

தலைவர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

“என்னது, திருநீறா?”

“அதைத்தானே அண்ணாச்சி வந்ததும் சொன்னேன்,” என்றார் சண்முகையா. “குத்தம் சொல்லப்படாது. ஒண்ணுகூடத் தட்டிவிடலை. பயபக்தியா நின்னு பூசிக்கிட்டுதான் போச்சு.”

“அண்ணாச்சி வீட்டு ஈ தபசு பார்த்துட்டு வந்திருக்கு!” பெருமாள்சாமி தொடையில் தட்டினார். “உங்க சர்ச்சுல சொல்லணுமே!”

தலைவர் முகம் சர்பத் நிறத்துக்கு வந்தது. “சோதனை செல்லாது! ஆடிக் காத்து அம்மியையே தூக்குது, திருநீறைத் தூக்காதா? பறந்து வந்து விழுந்திருக்கும்!”

“என் பெட்டிக்கு மட்டும் நடந்து வந்துச்சாக்கும்?” என்றார் பெருமாள்சாமி.

“செல்லாது! கடையில குடிச்ச ஈ பெட்டிக்குள்ளதானே கொண்டு வைக்கும்? அடையில சிவப்புத் தேன் இருந்தா அதுதான் ருசு. புரட்டாசியில திறப்போம். டீச்சர் பெட்டியை நான் திறக்கேன், என் பெட்டியை டீச்சர் திறக்கட்டும். அதுவரைக்கும் ஒருத்தரும் கைவைக்காதபடி முத்திரை!”

சொன்னபடியே மறுநாள் அரக்கும் மெழுகுவத்தியுமாக வந்து, இரண்டு வீட்டுப் பெட்டி மூடிகளிலும் நான்கு மூலைக்கும் சொட்டி முத்திரை வைத்தார். ஈ போக வர வாசல் மட்டும் மிச்சம். ரிஜிஸ்தர் பார்சல் மாதிரி நின்றது ஞானபாயின் வாழ்க்கை.

சண்முகையாவைச் சமாதானப்படுத்த ஞானபாய் வலைத்துணியில் பாட்டில்களுக்குச் சுருக்குத் தொப்பி தைத்துக் கொடுத்தாள். “பாட்டிலுக்கு முக்காடு போட்டுட்டீங்களே டீச்சரம்மா!” என்று அவருக்கு ஒரே சந்தோஷம். அதோடு கடையில் ஈத் தொல்லை நின்றது. ஆனால் உள்ளே போனது போனதுதானே? ஆவணி முழுவதும் அவள் பெட்டி மேல் காதை வைத்து, “தின்னு தீர்த்துருங்க மக்கா, கொஞ்சம்கூட மிச்சம் வைக்காதீங்க,” என்று கெஞ்சினாள். உள்ளே உம்மென்று ஒரு சத்தம். சரி என்கிறதா, போடி என்கிறதா, தெரியவில்லை.

புரட்டாசி முதல் ஞாயிறு, ஆராதனை முடிந்ததும் தலைவர் வந்தார். பெருமாள்சாமி டப்பாவில் சிரட்டையும் சாக்கும் போட்டுப் புகை மூட்டினார். காற்று திரும்பிப் புகை அவர் முகத்திலேயே அடித்தது. இருமிக்கொண்டே மரத்துக்கு அந்தப் பக்கம் போனார்.

தலைவர் அரக்கை உடைத்தார். முதல் தேனடைச் சட்டத்தைத் தூக்கினார். தேன் மஞ்சள். இரண்டாவதும் மஞ்சள். ஞானபாய் கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொல்ல வாயெடுத்தாள். மூன்றாவது சட்டம் வந்தது.

மூலையில் ஓர் உள்ளங்கை அளவுக்கு ரோஜாச் சிவப்பு, வெயில் பட்டுப் பளபளவென்று மின்னியது.

தலைவர் பார்த்தார். அவளைப் பார்த்தார். மறுபடியும் அடையைப் பார்த்தார். விரலால் அழுத்தித் தொட்டு நாக்கில் வைத்தார்.

“டீச்சர்.”

“அண்ணாச்சி.”

“வேம்பு இந்தக் கலர்ல பூக்குமோ?”

அவளுக்கு மேலநீலிதநல்லூர் பஸ் எத்தனை மணிக்கு என்று மனசுக்குள் ஓடியது.

“கத்தி இருக்கா?”

அடையை அறுத்துக் கூட்டத்துக்குக் கொண்டுபோகப் போகிறார் என்று நினைத்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தாள். தலைவர் சிவப்பை மட்டும் வழித்து அறுத்தார். திரும்பிப் பெருமாள்சாமி நின்ற பக்கம் பார்த்தார். புகைக்குள் இருமல் மட்டும் கேட்டது. துண்டை இரண்டாகப் பிய்த்து ஒன்றை அவள் கையில் வைத்தார்.

“அடுத்த ஞாயிறு என் பெட்டியைத் திறக்கப்போறது யாரு?”

“நான்தான் அண்ணாச்சி.”

“வரும்போது கத்தி கொண்டுவரத் தோணுமில்லா?”

அவளுக்கு ஒரு கணம் பிடிபடவில்லை. பிறகு முகம் மலர்ந்தது. “நல்லாத் தோணும் அண்ணாச்சி. அங்கன நிறைய இருக்குமோ?”

“ஒரு தட்டும் கொண்டு வாங்க,” என்று சொல்லிவிட்டு வாயில் போட்டுக்கொண்டார் தலைவர்.

பெருமாள்சாமி கண்ணைத் துடைத்தபடி புகையிலிருந்து வெளியே வந்தார். “என்ன அண்ணாச்சி, உள்ள என்ன இருக்கு?”

“சுத்தம் வே. பளிங்கு மாதிரி இருக்கு.”

“நாக்கு ஏன் இப்படிச் செவந்திருக்கு?”

“வெத்தல.”

“நீங்க வெத்தல போடமாட்டீங்களே! அது பாவம்னு எங்களையெல்லாம் வைவீங்களே!”

“நான்தான் குடுத்தேன்!” மதிலுக்கு மேல் கதீஜம்மாளின் தலை தெரிந்தது. “ஞாயித்துக்கிழமையும் அதுவுமா பெரிய மனுஷனை இப்படியா விசாரிக்கிறது? நீரு இங்கிட்டு வாரும், சுழியன் ஆறிப்போகுது.”

பெருமாள்சாமி டப்பாவை அப்படியே போட்டுவிட்டு நடந்தார். தலைவர் புது அரக்கை உருக்கிப் பெட்டியின் நான்கு மூலைக்கும் சொட்டினார்.

கதீஜம்மாள் மதில் வழியாகக் கையை நீட்டி, ஞானபாயின் முந்தானையைச் சுண்டினாள்.

“ஏட்டி, எனக்குப் பங்கு எங்க?”