மேளக்காரர்களின் டீ

ஒப்பாரிப் பெண்கள் அடுத்த வரியை எடுத்தபோதுதான், அம்மா அழுகையை நிறுத்திவிட்டதை துர்காதேவி கவனித்தாள். கூடத்தில் அப்பா கண்ணாயிரம் மாலைகளுக்கடியில் கிடந்தார். விடியற்காலையில் மாரடைப்பு. அச்சரப்பாக்கத்து உறவெல்லாம் வந்தாயிற்று, தம்பி மணிக்கு எஸ்.டி.டி. பூத்திலிருந்து தகவல் சொல்லியாயிற்று, அவன் மட்டும் மாமல்லபுரத்திலிருந்து வரவேண்டும். பிணத்தை எடுக்கும்வரை வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. வீட்டுக்காரர்கள் பச்சைத் தண்ணீர் தவிர எதையும் தொடுவதில்லை.

அம்மா முனியம்மா தலைமாட்டில் உட்கார்ந்து மின்விசிறியை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் அசட்டுச் சிரிப்பு வேறு.

"யாருடி இது, பட்டப்பகல்ல தூங்கிகினு கீறாரு?" என்றாள்.

"புத்தி பேதலிச்சிடுச்சு, பாவம்" என்று சித்தி தனகோடி மூக்கைச் சிந்தினாள்.

துர்காதேவிக்கு அது ஒப்பவில்லை. அழுகை இப்படிச் சொல்லாமல் கொள்ளாமல் எங்கே போகும்? அம்மாவின் கையைப் பிடித்துப் பார்த்தாள். ஜில்லென்று வியர்வையில் தெப்பலாக நனைந்திருந்தது, விரல்கள் நடுங்கின.

"யம்மா, காலைல சக்கரை மாத்திரை போட்டியா?"

"போடாம? ஒரு நாளும் உடக்கூடாதுன்னு டாக்டரு சொல்லிகீறாரே."

"இன்னா துன்ன?"

அம்மா யோசித்தாள். "எழவு வூட்ல இன்னாத்த துன்றது?"

வெறும் வயிற்றில் போட்ட மாத்திரை அம்மாவின் சர்க்கரையை ஒரேயடியாக இறக்கியிருந்தது. மாத்திரை போட்டால் சாப்பிட்டே ஆகவேண்டும், சாப்பாடு இல்லையென்றால் அதையும் போடாதே என்று அதே டாக்டர் சொன்னதில் அம்மா பாதியைத்தான் பிடித்துக்கொண்டிருந்தாள்.

ஒரு பிடி சர்க்கரைக்காகச் சமையலறை டப்பாக்களை உருட்டினாள். அம்மாவுக்கு வியாதி என்று தெரிந்ததிலிருந்து அப்பா வீட்டுக்குள் சர்க்கரையே விட்டதில்லை. வாசலுக்கு ஓடினாள். மேளக்காரர்களுக்குக் கடையில் வாங்கி வைத்த டீ தூக்குவாளியில் இருந்தது, பக்கத்தில் பன்னும்.

தனகோடி வழிமறித்தாள். "பொணத்த வெச்சிகினு பொண்டாட்டிக்காரி டீ குடிக்கிறதா? அதுவும் அவங்க தூக்குல இருந்து? ஊரு காறித் துப்பும்."

"துப்பட்டும் சித்தி. இன்னொரு பாடைய என்னால பாக்க முடியாது."

அம்மாவை நிமிர்த்தி மடக்கு மடக்காகப் புகட்டினாள். மாத்திரையின் வேகம் லேசில் அடங்காது, சர்க்கரையை மறுபடி கீழே இழுக்கும் என்று கணவன் சம்பத்திடம் சொன்னாள். அவன் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடிக்க ஓடினான். ஒப்பாரி நின்று, எல்லாரும் அம்மாவையே பார்த்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் அம்மாவின் கண்கள் மின்விசிறியிலிருந்து இறங்கி மாலைகளில் நின்றன.

"உங்க நைனாடி" என்றாள். உடைந்து அழுதாள்.

துர்காதேவி பன்னைப் பிட்டு டீயில் நனைத்து நீட்டினாள். அம்மா அவர் முகத்தைப் பார்த்தபடி, அழுதுகொண்டே மென்றாள்.