வடித்த நீர்

மழை பொய்த்த ஓர் ஆண்டின் தைத்திங்கள் முற்பகல் அது. கோவில்பட்டிக்குக் கிழக்கே நாகலாபுரம் வரையில் கண்ணெட்டும் தொலைவெல்லாம் விரிந்து கிடந்த கரிசல் நிலம், ஐப்பசியும் கார்த்திகையும் கைவிரித்துப் போய்விட்டமையால், கம்பும் பருத்தியும் முழங்கால் உயரத்திலேயே கருகி நிற்க, கை நுழையும் அகலத்துக்கு வெடித்துப் பிளந்து, பொழுது உச்சிக்கு ஏறும் முன்னரே அனலை உமிழ்ந்துகொண்டிருந்தது. வானத்தின் ஓரத்தில் காற்றாலைகள் தம் பாட்டுக்குச் சுழன்றன. வேலிக்கருவை ஒன்றே, எவர் வாழ்ந்தால் என்ன, எவர் மாய்ந்தால் என்ன என்று பசுமை காட்டிற்று. கற்றறிந்த நண்பரே, இத்தனை வறட்சிக்கும் நடுவில், நாகலாபுரத்துக்கு மேற்கே ஒரே ஒரு துண்டு நிலத்துப் பயறு மட்டும், விதைப்புக்கு முன் பெய்த ஒற்றை மழையின் ஈரத்தையே உறிஞ்சி வளர்ந்து, கொத்துக் கொத்தாய்க் காய்த்து நின்றது என்றால் நம்புவீரா? ஊராரும் நம்பாமல்தான் அன்று அந்நிலத்தின் வரப்பில் வந்து கூடி நின்றார்கள்.

அப்பயற்றை ஆக்கியவர் பூவனலிங்கம் என்னும் பயிரறிவியலர். இடைசெவலில் வானம் பார்த்த பூமியை நம்பிய குடும்பத்தில் பிறந்து, ஆறு அகவையில் ஒரு கொடிய பஞ்சத்தைக் கண்டு, மாட்டுக்கென வைத்திருந்த பருத்திக்கொட்டையை அரைத்துப் பாலெடுத்துத் தம் தாய் பிள்ளைகளைப் பன்னிரண்டு நாள் பிழைக்க வைத்ததை மறவாமல் நெஞ்சில் வைத்திருந்தவர். மழையைக் கெஞ்சாத ஒரு பயற்றை இம்மண்ணுக்குத் தந்தே தீருவேன் என்று உறுதி பூண்டு, ஓடைக்கரையில் தானே முளைத்துக் கிடந்த காட்டுக்கொடி ஒன்றை வீட்டுப் பயற்றோடு இணைத்து, கோவில்பட்டியில் தம் வீட்டின் பின்கட்டையே ஆய்வுக்கூடமாக்கி, பதினான்கு ஆண்டு உழைத்து அதை உருவாக்கினார். தம் ஒரே மகள் வள்ளிமயிலின் பெயரால் அதற்கு மயில்பயறு என்று பெயரும் இட்டார். நல்ல நோக்கம்தான், அதை நான் மறுக்கவில்லை. நோக்கம் நன்றாக இருந்தால் மட்டும் போதுமா என்பதற்குத்தான் இந்தக் கதை.

பூவனலிங்கத்தின் மனைவி தங்கமாரிக்குத் தமையன் சுடலைக்கண்ணு. அவ்வூர் உழவர்களுள் சொல்லுக்கு மதிப்புடையவர். காய் ஒன்றை உரித்து, மணியை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்:

"மாப்பிள்ளை, பயறு நல்லாத்தான் இருக்கு. ஆனா நம்ம ஊரு வழக்கம் உங்களுக்குத் தெரியாததில்ல. புது வித்துன்னா கொண்டாந்தவிய வீட்டு உலையிலதான் முதல்ல கொதிக்கணும். வார புரட்டாசி வரைக்கும் உங்க வீட்டுல தினமும் பொங்கித் தின்னுங்க. நம்ம வள்ளிமயிலு தின்னுட்டு எப்பவும்போல ஓடட்டும். அதப் பாத்துட்டு நாங்க அம்புட்டுப் பேரும் விதைக்கோம்."

"அதுக்கென்ன மச்சான், ஆகட்டும்" என்று பூவனலிங்கம் மறுமொழி கூறினார். ஒரு நொடி கூட அவர் எண்ணிப் பார்க்கவில்லை.

வள்ளிமயிலுக்கு அப்போது பதின்மூன்று அகவை. ஓட்டத்தில் மாவட்டத்துக்கே முதல்வி; பள்ளிக்குப் பேருந்தில் போகச் சொன்னால், அதற்கு முன்னால் ஓடிப்போய்ப் பள்ளி வாயிலில் நின்று சிரிக்கும் பெண். ஊரார் அவள் கால்களையே சான்றாகக் கேட்டதில் வியப்பில்லை. அப்பயற்றின் தாய்க்கொடி எவ்வளவு ஆபத்தானது என்பதை அறிந்திருந்தவர் அங்கே இருவரே. ஒருவர் பூவனலிங்கம். மற்றவர், தொலைவில் ஆடுகளை மறித்துக்கொண்டு நின்ற கடற்கரை என்னும் கீதாரி.

பதினான்கு ஆண்டுக்கு முன் அந்தக் காட்டுக்கொடியைப் பூவனலிங்கத்துக்குக் காட்டிக் கொடுத்தவர் அவரே. "தழை மேயலாம் சார், ஒண்ணும் செய்யாது. காய்க்கிற நாளையில மட்டும் ஆட்ட அங்கன விடமாட்டோம். காயத் தொடர்ந்து தின்னா பின்னங்காலு பின்னிக்கிடும்; பெறகு அந்த ஆடு நிமிராது" என்று அன்றே சொல்லியிருந்தார். அந்த நஞ்சு தம் பயற்றிலும் குறைந்த அளவில் தங்கிவிட்டதைப் பூவனலிங்கம் கூண்டெலிகளிடம் கண்டறிந்தார். பயற்றை வேகவைத்து அந்த நீரை வடித்துக் கொட்டிவிட்டால் நஞ்சின் பெரும்பகுதி அதனோடு போய்விடும் என்பதையும் கண்டார். கண்டதைச் சொல்லியிருந்தால் இக்கதை இங்கேயே இனிது முடிந்திருக்கும். ஆனால், 'வடித்துக் கொட்ட வேண்டிய பயறா? அப்படியானால் அதில் ஏதோ இருக்கிறது' என்று ஊர் பின்வாங்கிவிடுமே! அதைவிட மேலாக, மனித உடல் அந்நஞ்சை எந்த அளவு வரை தாங்கும் என்ற ஒன்று மட்டும் அவருக்குத் தெரியவேண்டியிருந்தது. அதை எலிகள் சொல்லா. அடப் பாவி மனிதா! ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பது முன்னோர் சொல். இவரோ தன் பிள்ளையைப் பலியிட்டு ஊரான் பிள்ளையை வளர்க்கத் துணிந்தார்.

தங்கமாரியின் அடுக்களையில் எதுவும் வீண்போகாது. பயறு வேகவைத்த நீரைக் கீழே கொட்டுவதைப் பெரும் பிழையாகக் கருதும் வட்டாரம் இது. அந்நீரில் புளியைக் கரைத்துவிட்டு, மிளகும் சீரகமும் பூண்டும் தட்டிப்போட்டு, நுரைகட்டி வரும் வேளையில் மல்லித்தழை கிள்ளித் தூவி இறக்கினால் தெரு முழுதும் மணக்கும். ஊரார் அதை ரசம் என்பர். நான் சாறு என்று எழுதுவேன். பெயர் எதுவானால் என்ன, உள்ளே இருந்தது ஒன்றுதான். வள்ளிமயிலுக்கு அதன்மேல் அத்தனை ஆசை. சோற்றில் ஊற்றியது போதாமல், குவளையில் வாங்கி ஊதி ஊதிக் குடிப்பாள்.

"ஏட்டி, மெதுவாக் குடி, நாக்கு வெந்துரும்" என்பாள் தாய்.

"இன்னொரு தம்ளர் ஊத்தும்மா" என்பாள் மகள். தாய்க்கு மிஞ்சுவது நாள்தோறும் அரைக் கரண்டிதான்.

எதிரே அமர்ந்து உண்ட பூவனலிங்கம் மகளின் குவளையையும் தாயின் அரைக் கரண்டியையும் கண்டார். புளிப்பு வயிற்றுக்கு ஒவ்வாது என்று சொல்லி, தாம் மட்டும் பயற்றை மோரில் பிசைந்து உண்டு எழுந்துபோய், 'இன்று மூன்று குவளை' என்று தம் குறிப்பேட்டில் அழகிய கையெழுத்தில் எழுதினார். தந்தை என்று ஒருவர் அவருக்குள் இருந்திருந்தால் அக்கையெழுத்து ஒருமுறையேனும் கோணியிருக்கும். கோணவே இல்லை, நண்பரே.

ஆனித்திங்கள் பிறந்தபோது வள்ளிமயிலின் வலச்செருப்பு முன்புறத்தில் மட்டும் தேயத் தொடங்கிற்று. "காலு எடுக்கும்போது கனமா இருக்கும்மா" என்றாள். வளரும் பெண்ணுக்கு வரும் நோவு என்று எண்ணித் தாய் நல்லெண்ணெய் தேய்த்துவிட்டாள். தந்தையோ, 'நூற்று நாற்பதாம் நாள். வலக்காற் பெருவிரல் தரையில் உரசுகிறது' என்று எழுதினார். அன்றே அந்தக் குவளையைத் தட்டிவிட்டிருந்தால் அவள் கால்கள் பெரும்பாலும் மீண்டிருக்கும். இதையும் அவர் அறிவார். எல்லை எதுவென்று இன்னும் தெளிவாகத் தெரியட்டும் என்று மேலும் நாற்பது நாள் பொறுத்திருந்தார். ஆடித்திங்கள் பள்ளி விளையாட்டு விழாவில், கோடு தாண்டிப் பாய்ந்த வள்ளிமயில் பத்தடி ஓடுவதற்குள் கால்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ள, செம்மண் தடத்தில் முகம் பதிய விழுந்தாள். எழுந்தாள், மீண்டும் விழுந்தாள். மூன்றாம் முறை எழவில்லை.

மருத்துவர்கள் காரணம் காணாமல் தலையசைத்து அனுப்பினர். பேருந்து நிலையத்தில் மகளைத் தோளில் தாங்கி நடத்திச் சென்ற தங்கமாரியை எதிர்வந்த கடற்கரை கண்டு நின்றார். அவர் பார்வை சிறுமியின் கால்களிலேயே நிலைத்தது.

"ஏ தாயி, என்ன இது! அந்தக் காயத் தின்ன ஆடு நடக்க மாதிரில்லா பிள்ளை நடக்கு! நான் சார்கிட்ட அன்னைக்கே சொன்னனே, அவிய உங்கள்ட்ட சொல்லலையா?"

தங்கமாரி வீடு வந்து சேர்ந்தாள். மகளைக் கட்டிலில் அமர்த்திவிட்டுப் பின்கட்டுக்குச் சென்று, அந்நாள்வரை அவள் தொட்டறியாத குறிப்பேட்டைத் திறந்து, முதல் தாள் முதல் கடைசித் தாள் வரை நின்றபடியே படித்து முடித்தாள். பூவனலிங்கம் வந்தபோது அவள் அழவில்லை.

"ஏங்க, இத்தன நாள்ல ஒரு நாளாவது நீங்க ரசம் ஊத்திக்கிடலையே. எனக்கு அப்பவே தெரிஞ்சிருக்கணும்" என்றாள்.

"தங்கம், கோவப்படாமக் கேளு. எங்கம்மா பருத்திக்கொட்டைய அரைச்சு ஊத்துனது உனக்குத் தெரியும். எல்லை தெரிஞ்சுட்டு; இனி இந்த நஞ்ச நான் எடுத்துருவேன். ஆயிரம் வீட்டு அடுப்பு எரியும். அதுக்கு ஒரு பிள்ளையோட காலு..."

"ஆயிரம் வீட்டுக்குன்னா உங்க காலக் குடுத்திருக்கணும். எம்பிள்ள காலு உங்களுக்கு என்ன சும்மா கெடந்ததா?"

"நான் விழுந்துட்டா ஆராய்ச்சிய யாரு முடிப்பா?" என்றார் அவர். தாம் சொல்வது முற்றும் நேரியது என்றே அவர் அப்போதும் நம்பினார். தங்கமாரி உலைப்பானையைக் கவிழ்த்து வைத்துவிட்டு, மகளைக் கூட்டிக்கொண்டு நாகலாபுரத்துத் தமையன் வீட்டுக்குப் போனாள். செய்தி அடுத்த பொழுதுக்குள் சுற்றுப்பட்டி எங்கும் பரவிற்று. மகளைக் கெடுத்தவர் என்று ஊர் அவரைப் பேசிற்றேயன்றி, எந்த மன்றமும் அவரைத் தண்டிக்கவில்லை. தங்கமாரியும் எங்கும் முறையிடவில்லை. முறையிட்டால் கால் வருமா என்று கேட்டாளாம்.

ஆறு ஆண்டு கழிந்தன. பூவனலிங்கம் தாம் சொன்னதைச் செய்தே முடித்தார். நஞ்சு துளியும் இல்லாத, மழைக்கு ஏங்காத மயில்பயறு ஆய்வுக்கூடத்தில் குடுவை குடுவையாய் நிறைந்தது. எலிகள் தலைமுறை தலைமுறையாய் அதை உண்டு துள்ளி ஓடின. அவரும் அதையே உண்டு, அந்த நீரையே குடித்து மூன்று ஆண்டு கழித்தார். ஆனால் ஊர் வழக்கம் மாறவில்லையே! கொண்டுவந்தவர் வீட்டு உலையில் கொதிக்க வேண்டும். வீட்டார் உண்டு காட்ட வேண்டும். அவருக்கு வீடு இருந்தது, வீட்டார் எங்கே? தெருவிலே அடுப்பு மூட்டி, எல்லாரும் காணத் தனியே அமர்ந்து உண்டார். கடந்து சென்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அப்போதுதான், சோற்றுத்தட்டுக்கு எதிரே ஆளில்லாத அந்த இடத்தைப் பார்த்து அவர் முதன்முறையாகத் தேம்பினார். காலங்கடந்த அழுகை, அதனால் எவருக்கு என்ன பயன்?

மீண்டும் மழை பொய்த்த ஓராண்டின் ஆவணித்திங்களில், ஒரு முற்பகல், அவர் அடுக்களை வாயிலில் ஊன்றுகோலின் ஓசை கேட்டது. வள்ளிமயில். பத்தொன்பது அகவை. தாயின் முகம், தந்தையின் நெற்றி. இடக்காலை முதலில் வைத்து, வலக்காலைப் பின்னால் இழுத்து, சுவரைப் பற்றி மெல்ல அமர்ந்தாள்.

"ரசம் வச்சிருக்கீங்களாப்பா?"

"ம்... இருக்கு. இதுல ஒண்ணும் இல்லம்மா. பதினோரு தடவ பாத்துட்டேன். சத்தியமா ஒண்ணும் இல்ல."

"தெரியும்பா. கடற்கரை தாத்தா உங்க பயறக் கொண்டாந்து ஆட்டுக்குப் போட்டுப் பாத்திருக்காவ. ஆடெல்லாம் நல்லாத்தான் திரியுது. மாமா காடும் ஊருக்காடும் இந்த வருசமும் காஞ்சு கெடக்கு. நான் குடிச்சேன்னு தெரிஞ்சாத்தான் ஊரு விதைக்கும். ஊத்துங்க."

ஆறு ஆண்டு அவர் ஏங்கிக் கிடந்த சொல் அது. அவள் ஒருத்தி உண்டால் போதும். அவருடைய வாழ்நாள் உழைப்பு கரிசல் முழுதும் பச்சையாய்ப் பரவும். அவர் தாயின் பருத்திப்பாலுக்கு ஒரு பொருள் கிடைக்கும். அதே பழைய குவளையைக் கழுவி, சாற்றை ஊற்றி, இரு கையாலும் ஏந்திக் கொடுத்தார். அவள் வாங்கி ஊதினாள். சிறுமியாயிருந்தபோது ஊதிய அதே வகையில், உதட்டைக் குவித்து, ஆவியை விலக்கி ஊதினாள். குவளை அவள் உதட்டைத் தொட்டது.

பாய்ந்து பிடுங்கிவிட்டார்.

நஞ்சில்லை என்று அவர் கற்ற கல்வி எல்லாம் சொல்லிற்று, கை கேட்கவில்லை. குவளையோடு பின்வாயிலுக்கு ஓடி, முற்றத்துக் கரிசல் மண்ணில் அதை முழுதும் கவிழ்த்தார். பானையையும் தூக்கிவந்து கவிழ்த்தார். வெடித்துக் கிடந்த மண் அத்தனையையும் ஒரே மூச்சில் உறிஞ்சிக்கொண்டது. மிளகின் மணம் மட்டும் சற்று நேரம் நின்றது. அவர் வெறும் பானையைப் பிடித்தபடி நின்றார்.

வள்ளிமயில் அந்த ஈரத்தடத்தையே பார்த்தாள்.

"இத அன்னைக்கே கீழ கொட்டியிருக்கலாம்லாப்பா" என்றாள்.

அவள் குரலில் சினம் இல்லை. இருந்திருந்தால் அவர் தாங்கியிருப்பார். ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு, இடக்கால் முன்னும் வலக்கால் பின்னுமாய் அவள் தெருவில் இறங்கிப் பேருந்து நிலையம் நோக்கி நடந்தாள். அவளுடைய வலக்காற் பெருவிரல் வாயிலிலிருந்து தெருமுனை வரை புழுதியில் ஒரு கோடு இழுத்துச் சென்றது. பூவனலிங்கம் அக்கோட்டின் அருகே குந்தி அமர்ந்து, அதை எவரும் மிதித்துவிடாதபடி இரு கையாலும் காத்துக்கொண்டு, பொழுது சாயும் வரை எழாமல் இருந்தார். உள்ளே குறிப்பேடு திறந்தபடியே கிடந்தது.

மகள் குடிக்க வந்த சாற்றைத் தந்தையே பிடுங்கிக் கொட்டினார் என்று அக்கம்பக்கத்தார் கண்டு சொல்லிவிட்டார்கள். புரட்டாசி வந்தது, நல்ல மழையும் இல்லை. குடுவைகளில் உறங்கிய அப்பயற்றை, குற்றமற்ற அப்பயற்றை, நாகலாபுரத்தில் எவரும் கையால் தொடவில்லை.