விரைவில் என்றால் எப்போது?

மாலை ஐந்தரைக்குள் நான் கிள்ளானில் இருக்க வேண்டும். என் மகள் மலர்விழியின் நிச்சயதார்த்தம். பெண்ணின் அப்பாவாக நின்று தட்டு மாற்ற வேண்டியவன் நான். மணி மூன்றரை. கிள்ளானிலிருந்து ஒரு மணி நேர ரயில் தொலைவில், பிரிக்பீல்ட்ஸ் ஓட்டல் மாடியில், இரண்டு நாடுகள் ஒற்றைச் சொல்லைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தன.

நான் கமலநாதன். மாநாடுகளில் குறிப்பெடுப்பது என் பிழைப்பு. வடகரை நாட்டுக்கும் தென்கரை நாட்டுக்கும் நடுவே ஒரு வளைகுடா. எல்லை தாண்டிய மீன்பிடிப் படகுகள் ‘விரைவில் வெளியேற வேண்டும்’ என்கிறது பழைய ஒப்பந்தம். விரைவில் என்றால் இன்றே என்றார் வடகரை அம்மையார். மீன் பருவம் முடிந்த பிறகு என்றார் தென்கரைக்காரர். இருவருக்குமே சர்வதேசச் சட்டத்தின் மேல் அபார மரியாதை. ஒரே புத்தகத்தின் ஒரே பக்கத்தைக் காட்டித்தான் சண்டை. சட்டமே வேண்டாம் என்று யாராவது ஒருவர் சொல்லியிருந்தால் சாப்பாட்டுக்கு முன்பே முடிந்திருக்கும்.

கைப்பேசி நான்காம் முறை அதிர்ந்தது. மேசைக்கடியில் குனிந்து எடுத்தேன். மனைவி சீதாலெட்சுமி.

“எங்கங்க இருக்கீங்க? மாப்பிள்ளை வீட்டுல கிளம்பிட்டாங்களாம்.”

“ஆன் த வே லா. ஒரே ஜாம்.”

நிமிர்ந்தால் அறையே என்னைப் பார்த்தது. தமிழ் புரியாவிட்டாலும் அந்த மூன்று சொல் புரிந்துவிட்டது.

“இங்கேதானே உட்கார்ந்திருக்கிறீர்கள்?” என்று ஆங்கிலத்தில் கேட்டார் அம்மையார்.

அசடு வழிந்தேன். “இந்த ஊரில் ஆன் த வே என்றால் இன்னும் கிளம்பவில்லை, ஆனால் வரும் எண்ணம் உண்டு என்று அர்த்தம், மேடம். சொல்பவருக்கும் தெரியும், கேட்பவருக்கும் தெரியும். யாரும் அதைப் பொய் என்று சொல்ல மாட்டோம்.”

தென்கரைக்காரர் பேனாவை எடுத்தார். அம்மையார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். பத்தே நிமிடத்தில் புது வாசகம் தயார்: படகுகள் ‘வெளியேறும் வழியில் இருக்க வேண்டும்.’ கிளம்பிவிட்டன என்று அம்மையார் படித்தார், கிளம்பப் போகின்றன என்று தென்கரைக்காரர் படித்தார். இரண்டு பேரும் சிரித்த முகமாகக் கையெழுத்திட்டார்கள். பிழை திருத்தி, பிரதி எடுத்து, படம் பிடித்து என்னை விடும்போது மணி ஐந்து.

கொமுட்டர் ரயிலைப் பிடித்து வீட்டுப் படியேறும்போது ஆறே கால். தட்டு மாறிவிட்டது. என் இடத்தில் மைத்துனர் திருச்செல்வம் நின்றிருக்கிறார். சீதாலெட்சுமி முகம் கொடுத்துப் பேசவில்லை. இரண்டு நாட்டைச் சமாதானம் செய்தவனுக்குச் சொந்த மகளுக்காக நிற்கக் கொடுத்துவைக்கவில்லையே என்று கண் கலங்கிவிட்டது.

மலர்விழி என் கையைப் பிடித்தாள். அவள் விரலில் இன்னும் மோதிரம் இல்லை.

“தட்டை மட்டும் மாமா மாத்திட்டாருப்பா. மோதிரத்தையும் நல்ல நேரத்துக்குள்ள போடணும்னு ஐயர் ஒரே அடம். நல்ல நேரம்னா என்னன்னு அவரோட அரை மணி நேரம் ஆர்கியூ பண்ணேன்.”

“அவர் என்னம்மா சொன்னாரு?”

“அவர் பஞ்சாங்கத்தைக் காட்டினாரு. எங்க அப்பா வர்ற நேரம்தான் நல்ல நேரம்னு நான் சொல்லிட்டேன். வாங்க, முன்னாடி வந்து நில்லுங்க.”