சும்மா தொட்டி

நான்தான் மறந்திருப்பேன். வேறு யார்? தண்ணீர் தெளிக்கவேண்டிய தொட்டியில் மருந்தைத் தெளித்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு, வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். அடுப்பை அணைத்தேனா என்று பாதி வழியில் திரும்பி ஓடுகிறவள்தானே நான்.

இப்படி நினைத்துக்கொண்டேதான் அவள் அந்தத் தொட்டியின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். கண்ணாடிக் கூரை போட்ட கூடத்தில் ஆகாயத்தாமரைத் தொட்டிகள் வரிசையாக நின்றன. ஏரியை மூடிக்கொண்டு படகை நகரவிடாமல் செய்த களை அது. அதைக் கொல்ல வந்த புது மருந்தைச் சோதித்துப் பார்ப்பது அவள் வேலை. எல்லாத் தொட்டிக்கும் மருந்து உண்டு, கடைசித் தொட்டியைத் தவிர. அதற்கு வெறும் தண்ணீர்தான். மற்றவை சாகும்போது அது பச்சென்று நின்றால்தான், கொன்றது மருந்து என்று சொல்ல முடியும். எல்லோரும் அதைச் சும்மா தொட்டி என்பார்கள்.

சும்மா தொட்டியும் முறுக்கிக்கொண்டிருந்தது. ஈரத்துணியைப் பிழிந்ததுபோலத் தண்டுகள். இலைகள் எல்லாம், யாரோ கூப்பிட்டுத் திரும்பினாற்போல, கதவையே பார்த்தன.

"காத்து கருப்பு அடிச்சிருக்கும்க்கா," என்றான் ரேடியோ. மருந்துக் கேனை முதுகில் சுமக்கிறவன். வாய் ஓயாததால் அந்தப் பெயர். "இல்லேன்னா நீங்க ஏதாவது மாத்தித் தெளிச்சிருப்பீங்க."

"நீதானே கூட இருந்தே?"

"இருந்தேன். பேசிக்கிட்டு இருந்தேன். பாக்கலையே."

சோதனையை மறுபடி செய்தார்கள். இந்த முறை சும்மா தொட்டியைப் பக்கத்து அறைக்கு மாற்றினாள். புது வாளியில் தானே தண்ணீர் ஊற்றி, கதவைப் பூட்டி, சாவியைத் தன் வேலைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள். தினமும் அவளே திறந்து பார்த்தாள். வேறு ஒரு ஈ காக்கைகூட உள்ளே போகவில்லை. அந்தத் தொட்டியும் முறுக்கிக்கொண்டது.

வீட்டில் சொன்னபோது கணவன் செல்போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "நீயேதான் ஏதாவது பண்ணியிருப்பே. சாவியை ஃப்ரிட்ஜுக்குள்ள வெச்சிட்டு வீடு பூரா தேடினவதானே."

வைத்தவள்தான். ஒரே ஒரு தடவை. ஒருத்தி தன்னையே நம்பாமல் போவதற்குப் பெரிய இடி ஒன்றும் விழவேண்டாம். 'நீயேதான்' என்று இரண்டு பேர் சாதாரணமாகச் சொன்னால் போதும். மூன்றாவது ஆளாக அவளே சேர்ந்துகொள்வாள்.

அதனால்தான் லீவு தொடங்கிய அன்று, ஏரியின் மறுகரையிலிருந்து கொஞ்சம் களையை அள்ளி, பேசினில் போட்டு வீட்டு பால்கனியில் வைத்தாள். பக்கத்தில் கணவனின் செல்லத் தக்காளிச் செடிகள். லீவு முடியும்வரை அது தளதளவென்று நின்றது. ஊதாப் பூகூட விட்டது. அவள் மனசும் கொஞ்சம் அடங்கியது.

பிறகு வேலைக்குப் போனாள். மருந்து தெளிக்கிற நாள். சாயங்காலம் கதவைத் திறந்ததுமே மகள் ஓடிவந்து, வழக்கம்போல அவள் வயிற்றில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"அம்மா, உன் மேல மாத்திரை வாசனை வருது."

"போடி கழுதை, கோட்டைக் கழட்ட விடு."

கழற்றிய கோட்டு ஈரமாக இருந்ததால், அன்று அதைப் பால்கனிக் கொடியில் மாட்டினாள்.

மறுநாள் காலையில் பேசினில் தண்டுகள் முறுக்கிக்கொண்டிருந்தன. இந்த முறை இலைகள் கதவைப் பார்க்கவில்லை, மேலே பார்த்தன. தக்காளிக் கொழுந்துகள் மரவட்டைபோலச் சுருண்டிருந்தன. கணவன் ஒரு கொழுந்தை விரலால் நீவிப் பார்த்தான், அது விரியவில்லை. 

அவள் அண்ணாந்து பார்த்தாள். காற்றே இல்லை. இரண்டு கைகளையும் தொங்கவிட்டபடி கோட்டு நின்றது.

சோதனைக் கூடத்தில் அந்தக் கோட்டு தொங்குவது கதவுக் கொக்கியில்தான். பூட்டிய அறைக்குத் தினமும் அவள் போனதும் அதைப் போட்டுக்கொண்டுதான். அவள் எதையும் மறக்கவில்லை. மருந்துதான் அவள்கூடவே நடந்து வந்திருக்கிறது, தெரு வழியாக, மாடிப்படி வழியாக, ஒரு சத்தமும் இல்லாமல்.

உள்ளே சின்னக் கால்கள் ஓடிவரும் சத்தம் கேட்டது.

"கிட்ட வராதே," என்றாள். அந்தக் குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. குழந்தை வாசற்படியில் அப்படியே நின்றது.

அன்றே மேலாளரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் குறுக்கிடாமல் கேட்டார். நல்ல மனிதர், அதுதான் கஷ்டம்.

"துணியில ஒட்டி வீடு வரைக்கும் வந்துச்சுன்னு எழுதினா, இதை ஏரியில தெளிக்க எவன்மா விடுவான்? கரை பூரா வீடுங்க."

"அதான் சார் சொல்றேன்."

"நாளைக்கு மருந்து தெளிக்கப் படகு இறங்குது. ஊரே காத்துக்கிட்டு இருக்கு." ஒரு தாளை அவள் பக்கம் நகர்த்தினார். "சும்மா தொட்டியில தவறுதலா மருந்து தெளிச்சிட்டேன்னு ஒரு வரி. உன் வேலைக்கு ஒண்ணும் ஆகாது, நான் இருக்கேன். மனுஷன்னா மறதி வரத்தானே செய்யும்?"

எவ்வளவு சுலபமான வரி. எத்தனையோ வருஷமாக மனசுக்குள் எழுதிப் பழகியதுதான். கை தானாகவே எழுதிவிடும். சன்னலுக்கு வெளியே ஏரி பச்சையாக விரிந்து கிடந்தது. கரையோர மாடிகளில் யார் யாருடைய துணிகளோ காய்ந்துகொண்டிருந்தன.

"வேண்டாம் சார்."

"என்னம்மா வேண்டாம்?"

 அவர் பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டினார். அவள் கைகள் மடியிலேயே இருந்தன.