பாக்கிறம் என்றார்கள்

மஹ்மூது கடலுக்குள் இறங்கி ஒன்பது வருடமான பிறகும் அவனுடைய கயிறு இழுபட்டுக்கொண்டுதான் இருந்தது. சிலாவத்துறைக் கரையில் ஒரு பூவரச மரத்தில் கட்டப்பட்டு, அங்கிருந்து நேரே கடலுக்குள் இறங்கிய அந்தக் கயிறு, முதல் வருடத்தில் நாளுக்கு எழுபது தரம் வெடுக்கென்று இழுபட்டது. ஒரு வெடுக்கு என்றால் ‘என்னைத் தூக்கு’ என்று அர்த்தம். முத்துக்குளிக்கிறவனுக்குத் தண்ணீருக்கடியில் வேறு பாஷை கிடையாது. மேலே தோணியில் கயிறு பிடிப்பவன் எப்போதும் அவனுடைய மனைவியின் சகோதரன்தான். சொந்தத் தங்கையைக் கைம்பெண்ணாக்க எந்த அண்ணனுக்கும் மனம் வராது என்பது அந்தக் கரையின் கணக்கு. அந்தக் கணக்கு அதுவரை பிழையாய்ப் போனதும் இல்லை. மஹ்மூதின் கயிற்றைப் பிடித்திருந்தவன் அவன் மனைவி ஹமீதாவின் அண்ணன் அப்துல் ஹமீட்.

மஹ்மூது இறங்கிய வருடக் குளிப்பைக் குத்தகைக்கு எடுத்தவன் ஒரு பேராசைக்காரன். சுறா இரண்டு பேரைக் கொண்டுபோன முத்துச்சிப்பிப் பாரில் இனி இறங்கமாட்டோம் என்று தோணிக்காரர்கள் சொல்ல, மஹ்மூது தண்ணீருக்கடியில் இருக்கும்போதே அவனுடைய காவற்காரர்கள் துவக்கெடுத்து மத்தியானம் வரை சுட்டார்கள். அப்துல் ஹமீட் கயிற்றைக் கைவிடாமலே செத்துப்போனான். தோணி அவனுடைய மையித்தோடு தானாகக் கரைக்கு வந்தது. கயிற்றை விரலிலிருந்து பிரிக்க நாலு பேர் வேண்டியிருந்தது; பிரித்ததைப் பூவரசில் கட்டி, வந்து இழுப்போம் என்றுதான் அடக்கத்துக்குப் போனார்கள். பிறகு நாற்பது நாள் காவற்காரர்கள் கரைக்கு ஒருவரையும் விடவில்லை. நாற்பத்தோராம் நாள் ஹமீதா போய்ப் பார்த்தபோது கயிறு இழுபட்டுக்கொண்டிருந்தது. அவள் ஓடிவந்து ஊரைக் கூட்டினாள். மஹ்மூதின் தமையன் மர்சூக்கும் இன்னும் ஐந்து பேரும் கயிற்றைப் பிடித்துக் காலை ஊன்றினார்கள்.

ஆனை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். அன்று முன்னே வந்தவை மூன்று கதிரைகள். பின்னே, அவற்றில் உட்கார, குடையோடு மூன்று துரைமார் வந்தார்கள். உலகத்தில் எங்கே மனிதருக்கு அநியாயம் நடந்தாலும் ஆளனுப்புகிற ஒரு சங்கம் தூரதேசத்தில் இருந்ததாம். அதன் நிபுணர்கள் இவர்கள். ஒருவர் கடலில் நிபுணர், ஒருவர் கயிற்றில், மற்றவர் மனித உரிமையில். அவர்கள் சொன்னதைக் அரசாங்கக் கந்தோர் மொழிபெயர்ப்பாளர் பாலசிங்கம் தமிழில் சொன்னார்: "கயித்தில ஒருத்தரும் கை வையாதேங்கோ, அது சாட்சி. நாங்கள் பாக்கிறம்."

அந்தச் சொல்லில்தான் எல்லாம் போயிற்று. மருந்து கொடுக்கிற பரிகாரியோ, வழக்குப் பேசுகிற பிரக்கிராசியோ, பள்ளி லெப்பையோ ‘பாக்கிறம்’ என்று சொல்லிவிட்டால் நம்முடைய ஊர்களில் பாதி வேலை முடிந்த மாதிரி. ஆறு பேரும் கயிற்றை விட்டுவிட்டுக் கையைச் சாரத்தில் துடைத்துக்கொண்டார்கள். யாரோ துரைமாருக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தார்கள். ஹமீதா அன்று அழுதது சந்தோஷத்தில்.

துரைமார் பார்த்தார்கள். கயிற்றைச் சுற்றிக் கம்பிவேலி அடித்தார்கள், தகரக் கூரை போட்டார்கள், ஒவ்வொரு வெடுக்கையும் நேரம் போட்டு எழுதினார்கள். அவர்களைக் கெட்டவர்கள் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். மனித உரிமைத் துரை, கயிறு வேகமாக இழுபடும் நாட்களில் சோறு உண்ணமாட்டார். ஒருதரம் குந்தியிருந்து விம்மி அழுததைக் கரையே கண்டது. அழுது முடித்து, எத்தனை தரம் இழுபட்டது என்று எழுதினார். மூன்று வருடத்துக்கொருமுறை ஆட்கள் மாறினார்கள், கதிரைகள் மாறவில்லை. ஹமீதா வேலிக்கு வெளியே இலவு காத்த கிளியாக இருந்தாள். நாலாம் வருடம் நாளுக்கு இருபது வெடுக்கு. எட்டாம் வருடம் நாலு. கரையில் அமைதி திரும்பி வருகிறது என்று அறிக்கை போனது. அதைப் பாலசிங்கம் அவளுக்கு வாசித்துக் காட்டினார்.

ஒன்பது வருடம் கழிந்து ஒரு வியாழக்கிழமை காலை ஒரே ஒரு வெடுக்கு. அதன்பிறகு ஒன்றுமில்லை.

"ஐயா, இவை எப்ப இழுப்பினமாம்?" என்று ஹமீதா பாலசிங்கத்திடம் கேட்டாள்.

"இழுக்கிறமெண்டு ஒருநாளும் சொல்லேல்லைப் பிள்ளை. பாக்கிறமெண்டுதான் சொன்னவை."

"பாக்கிறமெண்டாச் செய்யிறமெண்டுதானே கருத்து?"

"எங்கட பாசையில ஓம். அவையின்ர பாசையில பாக்கிறதெண்டாப் பாக்கிறது மட்டுந்தான்." சொல்லிவிட்டுப் பாலசிங்கம் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டார். அந்த மனிதருக்கும் அப்போதுதான் விளங்கியது.

குளிப்புக் கயிற்றைப் பெண் தொடக் கூடாது. ஹமீதா வேலியைப் பிய்த்துக்கொண்டு போய்த் தொட்டாள், இழுத்தாள். மர்சூக் பின்னால் பிடித்தான். துரைமார் ஏதோ சத்தம் போட்டார்கள். அதை மொழிபெயர்க்க ஆளில்லை, பாலசிங்கமும் கயிற்றில்தான் நின்றார். பத்துப் பாகம் ஆழத்துக்குப் போன கயிறு நானூறு பாகம் வந்தது. மத்தியான ழுஹரிலிருந்து பின்னேர அஸர் வரை இழுத்தார்கள். பாசியும் சிப்பியுமாகக் கயிறு பூவரச மரத்துக்கு மேலே குவிந்தது. உள்ளங்கைத் தோல் உரிய உரிய ஹமீதா, "வாறன், வாறன்" என்று கடலுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

நுனி வந்தது. ஆள் வரவில்லை. கயிறு பல்லால் கடித்து அறுக்கப்பட்டிருந்தது. மேல்வரிசையில் ஒரு பல் இல்லாத கடி. அது யாருடைய வாய் என்று அவளுக்குத் தெரியாதா? அறுந்த இடத்தில் நார் வெள்ளைவெளேரென்று இருந்தது. பாசி ஒரு துளிகூடப் பிடிக்கவில்லை. கயிற்று நிபுணர் கிட்ட வந்து பார்த்து, கடித்து ஆறு மணித்தியாலம் இருக்கும் என்று எழுதினார்.

அன்று பொழுதுபட்டு மஃரிபுக்கு, புருஷன் மௌத்தானவள் இருக்க வேண்டிய இத்தாவை ஹமீதா இருக்கத் தொடங்கினாள். நாலு மாதமும் பத்து நாளும், அந்த வியாழனிலிருந்து. ஒன்பது வருடத்துக்கு முந்திப் போனவனுக்கு இப்போது என்ன இத்தா என்று லெப்பையும் கேட்கவில்லை, ஊரும் கேட்கவில்லை. மறுநாள் மர்சூக் மௌத்தைப் பதியப் போனான். இறந்த நாள் நேற்று என்றான். என்னத்தால் என்று பதிவுகாரர் கேட்டார். "காத்திருந்து" என்றான். அவர் தலையை நிமிர்த்தாமல் அப்படியே எழுதி, மை காயும் வரை ஊதிவிட்டு, பதிவுத் துண்டைக் கையில் கொடுத்தார்.