தொட்டாற்சுருங்கிப் பாத்தி

உயிரோடு கிடக்கிற பெரியப்பனை எட்டிப் பார்க்க ஒருத்தனுக்கும் நேரமில்லை. செத்த புலியைப் பார்க்கச் சீட்டு வாங்கிக்கொண்டு வரிசையில் நிற்கிறார்கள். காலம் கெட்டுத்தான் கிடக்கிறது என்று முனகிக்கொண்டே கிழவர் காட்சிசாலைக்குள் போனார்.

ஏதோ பெரிய குடும்பம் வாழ்ந்து ஓய்ந்த மாளிகை. இப்போது படுக்கையறையில் பாடம் பண்ணிய பறவைகள், சாப்பாட்டுக் கூடத்தில் திமிங்கில எலும்பு, பின்னால் செடிகொடித் தோட்டம். அவர் வேடிக்கை பார்க்க வரவில்லை. புருஷன் போனபின் அண்ணன் வீட்டில் ஒண்டியிருந்த மகள், இங்கே தோட்ட வேலை கிடைத்ததும் பின்கட்டு அறையிலேயே தங்கிவிட்டாள். கையோடு கூட்டிப்போக வந்திருந்தார்.

மகள் பின்கதவருகே பூவாளியோடு நின்றாள்.

"கெளம்பு. உங்க அண்ணன்கிட்ட நான் பேசிக்கிறேன்."

"வந்ததும் வராததுமா ஆரம்பிச்சிட்டியாப்பா? மொதல்ல மூச்சு வாங்கு."

அவள் முதுகுக்குப் பின்னால், பழைய நடைபாதை முழுக்கத் தொட்டாற்சுருங்கி மண்டியிருந்தது. உச்சி வெயில். காற்றென்று மருந்துக்கும் இல்லை. பாத்தியின் அந்தக் கோடியில் ஒரு கொத்து இலை மூடிக்கொண்டது. சற்று முன்னால், இடப்பக்கம் இன்னொன்று. பிறகு வலப்பக்கம். இடமும் வலமும் மாறிமாறி, அவசரமே இல்லாமல், பின்கதவை நோக்கி வந்தது.

மகள் திரும்பிப் பார்க்கவில்லை. பேச்சு வாக்கிலேயே பூவாளியைத் தூக்கிக்கொண்டு ஓரடி விலகி நின்றாள், மாமனாருக்கு வழிவிடுகிறவளைப் போல. கிழவரின் முழங்கையில் ஈரச்சாக்கு உரசினாற்போல் ஒரு சில்லிப்பு பட்டு விலகியது.

"யாருக்குடி வெலகினே?"

அவள் வாய் திறக்குமுன், அவ்வழியே வந்த காட்சிசாலை அதிகாரி சிரித்தார். "எலி ஓடியிருக்கும், பெரியவரே."

"ரெண்டு கால்ல நடக்கிற எலியா?"

அதிகாரி அதற்குமேல் நிற்கவில்லை.

"மூட்டையக் கட்டு" என்றார் கிழவர்.

"நான் வரலப்பா. அங்க அண்ணி வர்றப்பல்லாம் செவுத்தோட செவுறா ஒட்டி நின்னேனே, அப்போ யாருக்கு வெலகுறேன்னு ஒரு நாளாவது கேட்டியா? இது பழகிப்போச்சு, அதுபாட்டுக்குப் போயிரும். அப்புறம் எடம் எனக்குத்தான்."

சுருங்கிய இலைகள் ஒவ்வொன்றாக விரியத் தொடங்கின.

"நாளைக்கும் வருவேன்" என்று சொல்லிவிட்டுக் கிழவர் வாசலைப் பார்த்து நடந்தார். எலியாம். எவன் காதில் பூச் சுற்றுகிறான்? இவள்தான் என்ன, பழகிப்போச்சு என்கிறாள். பழகுகிற சமாச்சாரமா இது? தலையை ஆட்டிக்கொண்டே போனார்.